தேயிலை மணமும் மனித மூளையும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஐம்புலன்களைப் பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்தார். கண் காண்கிறது, செவி கேட்கிறது என்று சிறு வகுப்பு முதல் படித்து வந்திருக்கிறோம். மிஷன் பாடசாலையில் கண்ணின் படம் வரைந்து, வர்ணம் தீட்டிப் புள்ளியும் வாங்கினோம். ஆனால், காணும் காரியம் முடிவது கண்ணில் அன்று. மண்டையோட்டின் உள்ளே, ஒளி புகாத இருட்டறையில். புலன்கள் அனுப்பும் நரம்புச் செய்திகளைக் கொண்டு, வெளியே இருப்பது இன்னதென்று மூளை ஊகித்துக்கொள்கிறது. உயிர்களை ஓரறிவு முதல் வகுத்த தொல்காப்பியரும் ஐம்பொறிக்கு அப்பால் ஆறாவதாக மனத்தையன்றோ வைத்தார்!

இதற்கு உதாரணம் தேடி மேல்நாடு போகவேண்டியதில்லை. நமது ஊவாத் தேயிலை போதும்.

ஆடி ஆவணியிலே தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி நம் பக்கம் வறண்ட கச்சானாக வீசுகிறது. அந்த வாட்டத்தில் கொழுந்தில் விளையும் மணத்துக்குத்தான் உலகச் சந்தையில் தனி மதிப்பு. அம்மணத்துக்குரிய முக்கிய காரணங்களுள் ஒன்று மெதைல் சலிசிலேற் என்னும் பொருள். பெயர் புதிதாயிருக்கலாம்; பொருள் புதிதன்று. உளுக்குக்கும் முதுகுவலிக்கும் பூசும் தைலங்கள் பலவற்றில் இருப்பதும் அதுவே. கூடை இறக்கி வந்த அன்னை இரவில் தோளில் தேய்த்துக்கொள்ளும்போது அது மருந்து வாசம். கோப்பைக்குள் மிகச் சிறு அளவில், வேறு பல மணங்களோடு கலந்து வரும்போது உயர்ந்த தேநீரின் நறுமணம். மூக்குக்கு வருவது ஒரே பொருள்தான். அளவையும் சேர்க்கையையும் பழக்கத்தையும் பார்த்து அர்த்தம் சொல்வது மூளை.

நாவின் பங்கு நாம் நினைப்பதிலும் குறைவு. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சிச் சாற்றில் தெரியும் உமாமி என்பவற்றோடு அதன் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. (துவர்ப்பை நம் முன்னோர் சுவை என்றனர், இன்றைய விஞ்ஞானிகள் பலர் அதைத் தொடுவுணர்ச்சியோடு சேர்க்கின்றனர்.) மிச்சமெல்லாம் வாயின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் மணம். ஏலத்துக்குமுன் தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்வோர் ஓசையெழ உறிஞ்சுவது மரியாதைக் குறைவன்று. மணத்தை மேலே ஏற்றும் உபாயம். மூக்கில் மணமறியும் வாங்கிகள் ஏறக்குறைய 400 வகை. அவற்றின் மரபணுக்களை 1991இல் கண்டறிந்த லின்டா பக், றிச்சட் அக்செல் இருவரும் 2004இல் நோபல் பரிசு பெற்றனர்.

சுவைப்போரின் நாவையும் மூக்கையும் கலை என்று போற்றுகிறார்கள், போற்றட்டும். அந்தக் கொழுந்தைக் கிள்ளிய கை?

கனடாவின் மொன்றியல் நகரிலே வைல்டர் பென்பீல்ட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், விழித்திருந்த நோயாளரின் மூளையை மின்சாரத்தால் மெல்லத் தூண்டி, அங்கே உடலின் வரைபடம் ஒன்று இருப்பதை 1937இல் வெளியிட்டார். அதில் முதுகு முழுவதற்கும் சிற்றிடம். விரல்களுக்கும் உதடுகளுக்கும் பேரிடம். 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வோ, வயலின் போன்ற வாத்தியம் வாசிப்போருக்கு இடக்கை விரல்களுக்குரிய மூளைப் பகுதி மற்றவர்களிலும் பெரிதாயிருப்பதைக் காட்டியது. இளமையில் தொடங்கியவர்களுக்கு இது மிகுதி.

வாத்தியக்காரர் விரலுக்கு உண்மையானது கொழுந்தெடுப்பவர் விரலுக்குப் பொருந்தாதோ? கண் அடுத்த செடிக்குப் போய்விட, இரண்டிலையும் ஒரு மொட்டும் எங்கே முடிகின்றன என்று விரலே அறிந்து கிள்ளுகிறது. முற்றிய இலையின் முரடும் இளந்தண்டு ஒடியும் மென்மையும், பனியில் விறைத்த விரலுக்கும் தப்புவதில்லை. பல ஆண்டு பயின்ற மூளையின் வேலை இது என்பதே எமது துணிபு. சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் இதனைப் பயிற்சி வேண்டாத வேலை என்று சொல்லும் கனவான்கள், ஒரு நாள் நிரையில் நின்று பார்க்கட்டும்.

கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் தேநீர் உண்டு. முதல் மிடற்றை மூக்கைப் பொத்திக்கொண்டு குடியுங்கள். கசப்பும் துவர்ப்பும் சீனியுமே தெரியும். பிறகு மூக்கை விடுங்கள்.