இதயம் சரியான பிறகு காதையும் பாருங்கள்

பிறந்த சில நாட்களிலேயே இதய அறுவை சிகிச்சை முடிந்து ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ திரும்பும் குழந்தையைப் பற்றி எல்லோரும் விசாரிப்பது, பால் குடிக்கிறதா, எடை ஏறுகிறதா என்றுதான். காதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில், பச்சிளம் பருவத்தில் இதய அறுவை சிகிச்சை பெற்ற 348 குழந்தைகளை 4 வயதில் சோதித்தார்கள். ஏறத்தாழ 5-ல் ஒருவருக்குக் கேட்கும் திறன் குறைந்திருந்தது. 2018-ல் வெளியான இந்த முடிவு என்னை உலுக்கியது. குறைமாதப் பிறப்பு, மரபணுக் கோளாறு, நீண்ட நாள் ஆஸ்பத்திரி வாசம் ஆகியவை ஆபத்தைக் கூட்டின. உயிர்காக்கத் தரப்படும் ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகளும் உட்செவியின் நுண்ணிய முடிச் செல்களைச் சிதைக்கக்கூடும். அவை மறுபடி முளைப்பதில்லை.

காதில் விழாத சொல் நாவில் எப்படி வரும்? ஆனால் வீட்டில், "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று சொல்லியே ஒரு வருஷம் ஓடிவிடுகிறது. பேச்சு வேரூன்றும் காலமல்லவா அது!

பிறந்தபோது செய்த காது சோதனை சரியாக இருந்தாலும் போதாது. இரண்டு, இரண்டரை வயதுக்குள் மறுபடி பாருங்கள். அங்கன்வாடிக்கு வரும் தேசியச் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவிடம் அறுவை சிகிச்சை விவரத்தைச் சொல்லுங்கள். இதயக் கோளாறு, செவித்திறன் குறைவு, பேச்சுத் தாமதம் மூன்றுமே அவர்கள் பட்டியலில் உள்ளவை. உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவி தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் வழி இருக்கிறது.