பெயர் போனால் மருந்தும் போகும்



மேட்டில் அமைந்த பாளையம் மேட்டுப்பாளையம். நிலத்தின் இயல்பையே பெயராகக் கொண்ட ஊர் இது. இன்று இங்குத் தொழிற்கூடங்களும் சரக்குந்துகளும் நிறைந்துள்ளன. ஆயினும் மதிலோரத்தில் குப்பைமேனி முளைக்கிறது. மழை பெய்தால் கீழாநெல்லி தலைகாட்டுகிறது. அவற்றை மிதித்துச் செல்லும் கால்கள் பல. பெயர் சொல்லி அழைக்கும் வாய்களோ சில. அப்பெயர்களைப் பற்றியதே இவ்வுரை.

தமிழர் செடிக்கு வெறும் அடையாளமாகப் பெயரிடவில்லை. அறிவைப் பொதிந்து பெயரிட்டனர். மூட்டு முடக்கை அறுப்பது முடக்கறுத்தான். நெல்லியை ஒத்த சிறு காய்களை இலையடியில் தாங்குவது கீழாநெல்லி. நிலத்தையொட்டிச் சிறு செடியாய் வளர்ந்து, வேம்பெனக் கசப்பது நிலவேம்பு. ஆடும் தொடாத இலையையுடையது ஆடாதோடை என்பர். பெயரைக் கற்ற குழந்தை, செடியின் உருவையும் சுவையையும் பயனையும் உடன் கற்றது.

இப்பெயர்களின் அருமையை அயலார் உணர்ந்தனர். இலின்னேயசு என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1753இல் செடிகளுக்கு இலத்தீன் பெயர் வகுத்தபோது, ஆடாதோடை என்னும் சொல்லையே எடுத்தாண்டார். முருங்கை ‘மோரிங்கா’ ஆயிற்று. 1826இல் இப்புதுச்சேரியில் நிலைத்திணைப் பூங்கா அமைத்த பிரெஞ்சியரின் மொழியிலும் நம் வெட்டிவேர் ‘வெத்திவேர்’ என்றே வழங்குகிறது. அங்கிருந்தே ஆங்கிலத்துக்கும் சென்றது. ஆடாதோடையிலுள்ள வேதிப்பொருளோ, ‘வாசகா’ என்னும் வடபெயர் வழியாக ‘வாசிசின்’ எனப்பட்டது. அதன் வழியில் உருவான ‘புரோமெக்சின்’ இன்று சளி இளக்கும் மருந்தாக உலகில் விற்கிறது. அயலார் போற்றிய பெயரைத் தமிழர் தம் வீட்டிலேயே தொலைக்கலாமா?

இது மொழிப்பற்று மட்டும் அன்று. உயிரைப் பற்றியதும் ஆகும். ‘பிராமி’ என்னும் பெயரால் வடநாட்டில் வல்லாரையும் வழங்குகிறது; நீர்ப்பிரமியும் வழங்குகிறது. இரண்டும் வெவ்வேறு செடிகள். ‘இராசுனா’ என்று கேட்டால், தென்னாட்டில் சிற்றரத்தைக் கிழங்கு கிடைக்கும். வடநாட்டிலோ அதனோடு எவ்வுறவும் இல்லாத, செவ்வந்திக் குடும்பத்துச் செடி கிடைக்கும். வல்லாரை என்று கேட்பவர்க்கும் சிற்றரத்தை என்று கேட்பவர்க்கும் இக்குழப்பம் இல்லை. பெயர் மாறினால் மருந்து மாறும். மருந்து மாறினால் நோயாளியின் நிலை என்ன?

தமிழ்ப் பெயர்களிலும் தெளிவு வேண்டும். வெள்ளைக் கரிசலாங்கண்ணி வேறு, மஞ்சள் கரிசலாங்கண்ணி வேறு; அடைமொழியை விட்டுவிட்டால் அங்கும் பிழை நேரும். ஆகவே தமிழ்ப் பெயரை அடைமொழியோடு முழுமையாக எழுதி, அதன்கீழ் இலத்தீன் பெயரையும் தமிழெழுத்தில் பொறித்தல் நன்று.

சொற்கள் வாழ்வது அகரமுதலியில் அன்று, மண்ணில். வீட்டின் பின்புறம் நான்கு தொட்டி வைக்க இடமிருந்தால் போதும். துழாய், நிலவேம்பு விதைகளை மணலோடு கலந்து நாற்றங்காலில் தூவுக. ஆடாதோடையையும் நொச்சியையும் முற்றிய கிளையில் போத்து வெட்டி ஊன்றுக. வெட்டிவேரைத் தூர் பிரித்து நடுக. வல்லாரை கணுதோறும் வேர்விடும். ஈரம் காயாமல் காக்க. கற்றாழையின் பக்கக்கன்றைப் பெயர்த்து வைக்க. சிற்றரத்தையை முளையுள்ள கிழங்குத் துண்டாகப் புதைக்க. தூதுவளைக்கும் முடக்கறுத்தானுக்கும் கொழுகொம்பு நாட்டுக. வேனிலில் சருகால் மூடாக்கு இடுக. நாற்றங்கால், போத்து, தூர், கணு, கன்று, முளை, கொழுகொம்பு, மூடாக்கு: இத்தனையும் உழவர் வாயில் இன்றும் வாழும் சொற்கள். இவற்றுள் எதற்கு அயற்சொல் வேண்டும்?

மருந்துப் பெயர்களும் அத்தகையனவே. ‘சமூலம்’ என்பது முழுப்பூண்டு. ‘கசாயம்’ என்பது குடிநீர். ‘இலேகியம்’ என்பது இளகம். 2012இல் டெங்குக் காய்ச்சல் பரவியபோது தமிழ்நாட்டரசு நிலவேம்புக் குடிநீரை வழங்கியது. அப்போது ‘குடிநீர்’ என்னும் அச்சித்த மருத்துவச் சொல் ஊரெங்கும் ஒலித்தது. வழங்கினால் வாழும் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

ஒன்றை மறவாதிருப்பீராக. பெயர் அறிந்தவரெல்லாம் மருத்துவர் ஆகார். கண் மஞ்சளித்தவர் கீழாநெல்லியை மட்டும் நம்பிக் காலம் தாழ்த்தாது, மருத்துவரை நாடுக. செடியை அறிதல் வேறு. நோயை அறிதல் வேறு.

பாட்டிமார் இருக்கும்போதே அவரோடு வேலியோரம் நடந்து, செடியைக் காட்டிப் பெயரைக் கேட்டு எழுதி வைப்பீர்! பள்ளிதோறும் ஒரு மூலிகைப் பாத்தி அமைப்பீர்! ஒவ்வொரு செடியின் அருகிலும் அதன் தமிழ்ப் பெயரை நாட்டுவீர்! விதை காய்ந்தாலும் அடுத்த ஊரில் கிடைக்கும். பெயர் காய்ந்தால், செடி காலடியில் நின்றாலும் களையாகவே பிடுங்கப்படும்.

செடியை நடுக! அதன் பெயரையும் உடன் நடுக!