நோய் தீர்ந்த பின் பிள்ளைப்பேறு



கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் கொண்டது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் அங்குள்ள சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் நம் இளைஞர் பலர் மாரிகுப்பத்தில் விடியற்காலை வண்டியேறிப் பெங்களூர் சென்று பிழைக்கின்றனர். 1973இல் நிறுவப்பெற்ற கித்வாய் புற்றுநோய் நிலையமும் அந்நகரிலேயே உள்ளது. தங்கவயல் நோயாளிகளும் அதை நாடிச் செல்வதுண்டு.

அவர்களுள் வாலிபர்களைப் பற்றியே இன்று பேச விழைகிறோம். விதைப் புற்று, ஹாட்ஜ்கின் நோய் ஆகியவை இருபது, முப்பது வயதினரையும் பற்றும். உரிய காலத்தில் சிகிச்சை பெற்றால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஆனால் மணமாகிச் சில ஆண்டுகள் சென்றும் மகவு பிறவாதபோதுதான், அன்று ஏற்றிய மருந்து நினைவுக்கு வருகிறது. (அப்பொழுதும் நம் வீடுகளில் பழி முதலில் மருமகள்மேல்தான் விழும்.)

'கீமோ' என்று வழங்கும் சிகிச்சை மருந்துகள், விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குபவை. விந்தணுக்களும் இடைவிடாது பெருகுபவை. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ 74 நாட்கள் ஆகும். சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் மூல அணுக்களையே அழித்துவிடக்கூடும். அவை அழிந்தால் உற்பத்தி நின்றுபோகும்; எஞ்சியிருந்தால் சில ஆண்டுகளில் மீளவும் கூடும். மருந்தும் அளவும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், முன்கூட்டி உறுதி சொல்வது அரிது.

இம்மருந்துகளால் உடலில் ஆக்ஸிஜன் சார்ந்த கொடிய மூலக்கூறுகளும் பெருகுகின்றன. விந்தணுவின் மெல்லிய கொழுப்புச் சவ்வை அவை அரிக்கின்றன. வைட்டமின் சி, ஈ இரண்டும் அவற்றைத் தணிக்க வல்லவை. எலிகளுக்குக் கீமோ மருந்துடன் இவற்றைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில் சேதம் குறைந்தது. இதைக் கேட்டதும் கடைக்கு ஓடி மாத்திரை வாங்கத் தோன்றும். பொறுக்க வேண்டும். மனிதரிடம் அவ்வாறு காக்கும் என்பது நிறுவப்படவில்லை. மேலும், சில மருந்துகள் புற்றணுவைக் கொல்வதற்கே அம்மூலக்கூறுகள் துணை செய்கின்றன. மிகையான வைட்டமின் புற்றணுவுக்கும் கேடயமாகிவிடலாம் என்று மருத்துவர் அஞ்சுகின்றனர். பின்லாந்தில் புகைப்போருக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்த பேராய்வில், நுரையீரல் புற்று குறையவில்லை, கூடிற்று என்று 1994இல் தெரியவந்தது. நெல்லிக்காயும் கொய்யாவும் உணவாக உண்பது வேறு. மாத்திரையோ மருத்துவர் அறியாமல் கூடாது.

நிச்சயமான வழி வேறொன்றுண்டு. முதல் ஊசிக்கு முன்பே விந்தைச் சேகரித்து, திரவ நைட்ரஜனில் கழித்தல் 196 டிகிரி சென்டிகிரேடில் உறையவைத்தல். உறைந்த விந்தணுவால் பெண்கள் கருவுற்ற செய்தி 1953இலேயே அமெரிக்காவிலிருந்து வந்தது. 1992இல் பெல்ஜிய மருத்துவர்கள் ஒற்றை விந்தணுவை முட்டைக்குள் செலுத்திக் குழந்தை பிறக்கச் செய்த பின்னர், விந்தணு மிகச் சிலவே இருந்தாலும் பயன்படுத்த முடிகிறது. பெரும்பாலும் இரண்டொரு நாளில் முடியும் வேலை இது.

இதைக் கேட்கத் தந்தைக்கும் நாணம், மகனுக்கும் நாணம். தாயோ, உயிர் பிழைத்தால் போதும் என்றிருப்பாள். மருத்துவரும் நோயின் அவசரத்தில் மறக்கக்கூடும். "ஐயா, மருந்து ஏற்றுமுன் இவன் விந்தைச் சேமித்து வைக்கலாமா?" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டால் போதும், கருவாக்க மருத்துவமனை எது, செலவு என்ன என்பவற்றை அவரே சொல்வார். மருந்து தொடங்கிவிட்டால், அதன்பின் எடுக்கும் விந்தணுவின் மரபுப்பொருள் சிதைந்திருக்கக்கூடும். சிகிச்சை நடக்கும்போதும், முடிந்து மருத்துவர் குறிக்கும் சில மாதங்கள் வரையிலும் கருத்தரிப்பைத் தவிர்க்கச் சொல்வதும் இதனாலேயே.