குமரிமுனையா, கோவளமா?



மார்கழி பிறந்துவிட்டால் தில்லி மாநகரில் வாழும் தமிழர் இல்லங்களில் இரண்டு பேச்சுக்கள் எழுவது வழக்கம். ஒன்று பனியைப் பற்றியது. கதிரவன் முகத்தைச் சரியாகக் காணாத பிள்ளைகள் கம்பளிச் சட்டைக்குள் ஒடுங்கிக் கிடப்பர். முதியோர் மாடியில் ஒரு முழம் வெயில் விழும் இடந்தேடி நாற்காலியை நகர்த்திக்கொண்டே இருப்பர். மற்றொன்று விடுமுறையைப் பற்றியது. வெயிலும் கடலும் ஒருங்கே கிடைக்கும் ஊர் எது என வினவினால், வீட்டில் பாதிப்பேர் கன்னியாகுமரி என்பர். மீதிப்பேர் கோவளம் என்பர். சென்னைக்குத் தெற்கே ஒரு கோவளம் உண்டு. கன்னியாகுமரிக்குப் பக்கத்திலேயே மீனவர் வாழும் கோவளம் ஒன்றும் உண்டு. ஈண்டு நாம் பேசுவது திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்தைப் பற்றியே.

இவ்விரண்டு கடற்கரை ஊர்களுக்கும் இடையே சாலை வழி நூறு கிலோமீட்டர்கூட இல்லை. அவ்வழியின் இடையே, கேரள மாநிலத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் அமைந்திருக்கின்றன. பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை, அது தமிழ்நாடு. பிற மாநிலங்களில் பணிபுரியும் நம்மில் சிலருக்கு இந்த எல்லைப்புறச் சிற்றூர்களே சொந்த ஊர். ஆதலின் அங்கு நின்றுகொண்டு தெற்கே போவதா, வடமேற்கே போவதா என ஆராய்வது பொருத்தமாகும்.

மத்திய அரசு ஊழியராயின் முதலில் விடுப்புப் பயணச் சலுகையை நினைவில் கொள்ளவேண்டும். நான்காண்டுத் தொகுதி ஒன்றில் இருமுறை சொந்த ஊருக்குச் சென்று வரலாம். அவற்றுள் ஒன்றை விட்டுக்கொடுத்தால் இந்தியாவில் எந்த இடத்திற்கும் ஒருமுறை செல்லலாம். சொந்த ஊர் இன்னதென்று எழுதிக்கொடுத்ததைப் பணிக்காலம் முழுவதிலும், தக்க காரணம் காட்டி, ஒரே ஒரு முறைதான் மாற்ற இயலும். சொந்த ஊர் என்பதற்கு விதிகளில் உள்ள விளக்கத்தை மொழிபெயர்க்கும் வேலை நமக்கே வாய்த்ததுண்டு. தாளில் அதற்கு ஒரு சொல் அமைந்துவிடும். மனத்தில் அமைவது அத்துணை எளிதன்று. அது நிற்க. பாறசாலையைச் சொந்த ஊராகக் காட்டியவர் பாறசாலை வரை சலுகையில் வந்துவிடலாம். அதன்பின் கன்னியாகுமரிக்கு ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கோவளத்திற்கு ஏறத்தாழ முப்பது. அந்தச் செலவு நம் கைக்காசு.

இனி, எந்த மாதம் என்பதைப் பார்ப்போம். ஊரைத் தேர்ந்துவிட்டுப் பிறகு மாதத்தைத் தேடுவதே பெரும்பாலோர் செய்வது. மாதத்தை முதலில் பார்த்தால் ஊர் தானே அமையும் என்பது நம் கருத்து. வடநாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறை மே மாத நடுவில் தொடங்கி ஜூன் முழுவதும் நீடிப்பது. ஜூன் முதல் தேதியை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையில் இறங்கும். அப்போது கோவளத்துக் கடல் பொங்கியெழும். கரையில் சிவப்புக் கொடி பறக்கும். நீராடச் சென்ற பிள்ளைகள் அறைச் சன்னல் வழியே மழையைப் பார்த்துத் திரும்ப நேரிடும். குமரிமுனையில் மழை அத்துணை கொட்டாது. ஆயினும் காற்று வலுத்து, பாறைக்குச் செல்லும் படகுகள் நிறுத்தப்படும் நாட்கள் உண்டு.

மார்கழி, தை மாதங்களின் நிலை வேறு. அப்போது கதிரவன் தென்சார்ந்து செல்வதால், குமரிமுனையில் அவன் எழுவதும் கடலில், விழுவதும் கடலில். ஆனி, ஆடியில் சென்றவர், மாலைக் கதிரவன் நிலப்பக்கம் சாய்வதைக் கண்டு, படங்களில் பார்த்தது பொய்யோ என ஐயுறுவர். பொய்யன்று, மாதம்தான் தவறு. ஆனால் கார்த்திகை முதல் தேதி தொடங்கித் தை பிறக்கும் வரை சபரிமலை அன்பர்கள் கூட்டம் கூட்டமாகக் குமரிக்கும் வந்து செல்கின்றனர். கதிரவன் மிக அழகாகத் தோன்றும் காலமும், கால் வைக்க இடமில்லாத காலமும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. மகரவிளக்கு முடிந்த பின்னர், தை நடுவிலிருந்து மாசி இறுதிவரை, வெயில் இருக்கும், நெரிசல் குறைந்திருக்கும். பிள்ளைகளின் பள்ளி இடங்கொடுக்குமாயின் அக்காலமே சிறந்தது.

முதியோரை உடன் அழைத்துச் செல்வோர் பெரும்பாலும் கன்னியாகுமரியையே தேர்வர். அதில் தவறில்லை. குமரியம்மன் சந்நிதி உண்டு; அமாவாசைக்கு நீர்க்கடன் ஆற்றத் துறை உண்டு; காந்தியடிகளின் அஸ்தி 1948-ஆம் ஆண்டில் கரைக்கப்படுமுன் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட இடத்தில் எழுப்பிய மண்டபம் உண்டு; தமிழில் விசாரிக்கலாம், தமிழில் விடை பெறலாம். குறைந்த வாடகையில் விடுதிகளும் மிகுதி. விவேகானந்தபுரத்தில் குடும்பத்தோடு அமைதியாகத் தங்கும் வசதியும் இருக்கிறது.

ஆனால் ஒன்று. 1970-இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறை நினைவகத்திற்கும், 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலைக்கும் படகில்தான் செல்லவேண்டும். இரு பாறைகளையும் இணைத்து 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் ஒன்று 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. ஒரு பாறையிலிருந்து மற்றதற்கு நடந்தே செல்லலாம் என்பது பெரிய வசதி. எனினும் கரையிலிருந்து முதற்பாறைக்குப் படகு வேண்டும். படகிற்கு வரிசை வேண்டும். வரிசையில் நிற்கக் கால் வேண்டும். எழுபத்தைந்து வயதுத் தாயாரை அவ்வரிசையில் நிறுத்துவது பக்தியும் ஆகாது, பாசமும் ஆகாது. அவர் அம்மனைக் காண வந்தவர். காலையில் கூட்டம் சேருமுன் தரிசனம் முடித்துவைத்து, கடற்கரையில் நிழலான இடத்தில் அமர்த்தி, துணைக்கு ஒருவர் இருந்து, ஏனையோர் பாறைக்குச் சென்று வருவதே முறை. சிலையின் உயரம் 133 அடி. அதனைக் கரையிலிருந்தே நன்கு காணலாம்.

சிலையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38. உருவம் 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்து 95. தமிழ் எழுத்தறியாது இந்தியில் படிக்கும் பிள்ளையும் கணக்கு அறியுமன்றோ? கூட்டிப் பார்க்கச் சொன்னால், குறள் என்பது எத்துணைப் பெரிய நூல் என்பது அதற்கு விளங்கிவிடும்.

கடலில் இறங்கி ஆட வேண்டும் என்னும் பிள்ளைகளுக்குக் குமரிமுனை ஏற்றதன்று. அங்குப் பாறை மிகுதி, நீரோட்டமும் வலிது. அவர்களுக்குக் கோவளமே உரியது. பாறை முனைகளால் பிரிக்கப்பட்டுப் பிறை வடிவில் வளைந்த மணற்கரைகள், தாழ்ந்து படியும் அலைகள், உயிர்காப்போர் கண்காணிப்பு ஆகியவை நீராட்டத்திற்குத் துணை செய்வன. மார்கழி முதல் பங்குனி வரை, கொடியைப் பார்த்து, இடுப்பளவு நீரோடு நின்றால் அச்சமில்லை. சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை தீட்டிய கலங்கரை விளக்கம் 1972-இல் எழுந்தது. அதன் உச்சியில் நின்றால் தென்புறம் விழிஞத் துறைமுகம் தெரியும். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் செப்பேட்டில் பெயர் பெற்ற அதே விழிஞத்தில் இன்று மாபெரும் சரக்குக் கப்பல்கள் அணைகின்றன. புதிய துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஊருக்குள் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறு குடைவரைக் கோயில் ஒன்றும் இருக்கிறது. கோவளத்திற்கு வருவோரில் பலர் அதனைப் பாராமலே திரும்புகின்றனர். பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

கோவளத்தில் செலவு கூடுதல். கரைக்கு இறங்கும் வழி சரிவு. முழங்கால் வலி உள்ளவர்க்குத் தொல்லை. வெளிநாட்டார் வெயில் காய்வதைக் கண்டு மூத்தோர் முகஞ்சுளிப்பதும் உண்டு. தில்லிப் பனியில் மாடியில் வெயில் காய்ந்தவர்கள்தாமே அவர்களும் என்பது வேறு செய்தி. புதுமணத் தம்பதியர்க்கு நாம் வழி சொல்ல வேண்டுவதில்லை. அவர்கள் கோவளத்தையே தேர்வர். தனியே வாழும் இளம் எழுத்தர், கோப்புகளை மறந்து மூன்று நாள் உறங்கி எழவேண்டும் என்றாலும் அதுவே தக்கது.

இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று சொல்லும் வாடகைக் கார்க்காரரை நம்பவேண்டா. நமக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் தம் அன்னையாரையும் மூன்று குழந்தைகளையும் அவ்வாறு அழைத்துச் சென்றார். விடியற்காலை திருவனந்தபுரத்தில் புறப்பட்டுக் குமரி, சுசீந்திரம், பத்மநாபபுரம், மாலையில் கோவளம். இரவு அறைக்கு வந்ததும், "அம்மா, எது நன்றாக இருந்தது?" என்று வினவினார். "வண்டிக் கண்ணாடிதானப்பா பார்த்தேன், அது நன்றாகத்தான் இருந்தது" என்றாராம் அந்த அம்மையார். மறு ஆண்டு அவரால் இரயில் ஏற இயலவில்லை. இரண்டு இரவு வண்டியில் கழித்து, ஈட்டிய விடுப்பைச் செலவிட்டு வருபவர்க்கு இது சிறிய இழப்பன்று. யார் மிகக் குறைவாக நடக்க வல்லவரோ, அவருக்கு ஏற்ற ஊரையே அவ்வாண்டிற்குத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளுக்கு இன்னும் எத்தனையோ விடுமுறைகள் இருக்கின்றன.

எல்லையூர்க்காரர்களுக்கு மட்டும் வேறு ஒரு வழி உண்டு. பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ சொந்த வீட்டில் தங்கிக்கொண்டு, ஒரு பிற்பகல் கோவளம் சென்று கதிரவன் மறையக் கண்டு திரும்பலாம். வழியில் பாலராமபுரத்தில் கைத்தறி வேட்டி வாங்கலாம். அவ்வூர் நெசவாளர் சாலியர்; திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியினின்று வந்து குடியேறியவர்களின் வழியினர். திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமியைத் தரிசிக்கவும் அந்த வேட்டி உதவும். காற்சட்டையோடு உள்ளே விடமாட்டார்கள். இரண்டு நாள் ஓய்வுக்குப் பின்னர்க் குமரிக்குச் சென்று ஓரிரவு தங்கினால் கதிரவன் எழக் காணலாம். வழியில் தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள், திங்கட்கிழமை மூடியிருக்கும். தமிழ்நாட்டு மண்ணில் நின்று, கேரள அரசின் பராமரிப்பில் விளங்கும் மாளிகை அது.

அந்த விந்தைக்குக் காரணம் 1956. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை வட்டமும் இணைய வேண்டும் எனத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசார் கேட்டனர். அது கேரளத்திலேயே நின்றது. பெண் கொடுத்த வீடு ஒரு மாநிலத்திலும், பெண் எடுத்த வீடு மற்றொரு மாநிலத்திலுமாய்க் குடும்பங்கள் பல நின்றன. இன்று விடுமுறையில் அத்தகைய வீடொன்றின் திண்ணையைப் பாருங்கள். களியக்காவிளைப் பேரன் தமிழ் படிக்கிறான். பாறசாலைப் பேத்தி மலையாளம் படிக்கிறாள். தில்லிப் பேரன் இந்தி படிக்கிறான். ஒருவர் புத்தகத்தை மற்றவர் வாசிக்க இயலாது. "மக்களே, எப்பம் வந்திய?" என்று பாட்டி கேட்கும்போது மட்டும் மூவரும் ஒருங்கே விடை சொல்கின்றனர். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் மட்டிப் பழமுமாக உண்டு, கிணற்றடியில் குளித்து விளையாடும் அந்த நாட்களைப் பிள்ளைகள் கடலினும் மேலாக நினைவில் வைத்திருப்பதை நாம் பல குடும்பங்களில் கண்டிருக்கிறோம். கோவளத்திற்கோ குமரிக்கோ செல்லும்போது அவ்விரு பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பெயர்ப்பலகைகளைத் தில்லிப் பிள்ளைக்கு எல்லைக்கு இப்புறம் ஒருவர் படித்துச் சொல்வார், அப்புறம் மற்றவர் படித்துச் சொல்வார்.

பூசை விடுமுறையில் வருவோர்க்கு மற்றுமொரு காட்சி கிட்டும். நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் செல்கின்றனர். களியக்காவிளையில் கேரளக் காவலர் அணிவகுத்து வரவேற்க, பாறசாலை வழியே வந்து, நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயிலில் ஓரிரவு தங்கிச் செல்வது வழக்கம். அவ்வேளை மழை தூறக்கூடும். குடை எடுத்துச் செல்க.

வந்து சேரும் வழி: 1979 வரை தண்டவாளம் திருவனந்தபுரத்தோடு நின்றது, அவ்வாண்டில்தான் நாகர்கோவில் வழியாகக் குமரிமுனை வரை நீண்டது. தில்லியிலிருந்து கேரளா விரைவு வண்டி நாள்தோறும் திருவனந்தபுரம் வருகிறது. திருக்குறள் விரைவு வண்டி வாரம் இருமுறை, சென்னை, மதுரை வழியாகக் கன்னியாகுமரி செல்கிறது. மும்பையிலிருந்து நேத்ராவதி வண்டி திருவனந்தபுரம் வரும். பெங்களூரிலிருந்து வரும் ஐலண்டு விரைவு வண்டி நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகவே குமரி செல்வது. அசாமில் பணிபுரிவோர்க்குத் திப்ருகரிலிருந்து விவேக் விரைவு வண்டி உண்டு. 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அதுவே இந்தியாவின் மிக நீண்ட வண்டி.

2024 நவம்பர் முதல், புறப்படும் நாளுக்கு 60 நாள் முன்னர்தான் இருக்கை பதிவு செய்ய முடிகிறது. முன்போல் 120 நாள் அன்று. தை நடுவில் புறப்பட எண்ணுவோர் கார்த்திகை நடுவிலேயே பதிவு செய்துவிட வேண்டும். முதியோர்க்குக் கீழ்ப்படுக்கை கேட்டு வாங்குங்கள்.