கீழ்த்தளமும் மேல்மாடியும்



பல பண்பாட்டினர் கூடி வாழ்வதன் நன்மை தீமைகளைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். பொதுப்படப் பேசினால் இது வாழ்த்துரையாகவே முடிந்துவிடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. ஆகவே, நான் பல ஆண்டுகள் வாழ்ந்த சிங்கப்பூரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அங்கே வாட்டர்லூ தெருவில் கிருஷ்ணன் கோயில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே சீனர்கள் வழிபடும் குவான் இம் ஆலயம். அந்த ஆலயத்தில் கும்பிட்டுவிட்டு வரும் சீனப் பாட்டிமார் கிருஷ்ணன் சன்னிதி முன்பும் நின்று, கொத்து ஊதுவத்தியை நெற்றிக்கு நேரே உயர்த்தி மும்முறை வணங்குவார்கள். அவர்களுக்காகவே வாசலில் ஊதுவத்தி செருகும் கலயமும் உண்டு. இந்த வழக்கத்துக்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் எல்லாமே இப்படித் தானாக வந்துவிடவில்லை. 1964 ஜூலை 21 அன்று நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம் மூண்டது. 23 பேர் மாண்டனர். செப்டம்பரில் மீண்டும் மூண்டதில் இன்னும் 13 பேர். அந்த நினைவு ஆறாத நாடு, குடியிருப்புகள் இனவாரியாகத் திரும்பவும் பிரிவதைக் கண்டு, 1989இல் ஒரு விதி செய்தது. அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று வரம்பு கட்டியது. சீனருக்கு 87, மலாய்க்காரருக்கு 25, இந்தியரும் பிறரும் சேர்ந்து இன்று 15.

பலன் என்ன? கட்டடத்தின் கீழ்த்தளம் எல்லாருக்கும் பொது. ஒரு வாரம் அங்கே மலாய்க் கல்யாணம். கொம்பாங் மேளம் நம் சமையலறை வரை கேட்கும். இன்னொரு வாரம் அதே இடத்தில் சீனர் வீட்டுத் துக்கம். உறவினர் மேசையைச் சுற்றி இரவெல்லாம் விழித்திருப்பார்கள். மின்தூக்கிக்குப் போகும் நாம் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வோம். இந்தப் பழக்கத்தை எந்தப் பாடநூலும் கற்றுத்தராது. பன்மையின் பெருநன்மை என்று நான் கருதுவது இதைத்தான்: அயலார் சாவையும் கல்யாணத்தையும் பக்கத்தில் நின்று பார்த்து வளர்தல்.

இனி, அதற்கான விலை. ஒரு கட்டடத்தில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டால், அங்கே வீடு வைத்திருக்கும் தமிழர் அதைச் சீனருக்கு விற்க முடியாது. நாட்டின் குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் ஏறத்தாழ நான்கில் மூவர் சீனர். அப்படியானால் வீடு வாங்க வரக்கூடியவர்களில் பெரும்பகுதியினர் ஒரே விதியால் விலகிப்போகிறார்கள். எஞ்சிய சிலர் கேட்கும் விலைக்கு இறங்கிவர வேண்டும். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆக, நல்லிணக்கத்தின் பலன் எல்லார்க்கும், அதன் செலவோ பெரும்பாலும் சிறுபான்மையோர் தலையில். எனக்கு ஆற்றாமை தருவது இதுதான்.

மொழியிலும் ஒரு பாடம் இருக்கிறது. நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் தமிழும் ஒன்று. பள்ளியில் கற்பிக்கிறார்கள், நாணயத்திலும் பொறித்திருக்கிறார்கள். ஆயினும் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினரே. அரசு இடம்தான் கொடுக்கும். பேச்சு வீட்டில்தான் நிகழ வேண்டும். அந்தக் குறையை அரசின்மீது சுமத்த மாட்டேன்.

வீட்டு விலை அப்படியன்று. அது அரசு இட்ட விதியின் நேர்விளைவு. அதனால் விற்க முடியாமல் தவிப்போரில் தகுதியுள்ளவர்களின் வீட்டைத் தானே வாங்கிக்கொள்ளக் கழகம் 2022இல் முன்வந்தது. வரவேற்கிறேன். ஆனால் அது போதாது. விதி வேண்டும் என்பதே என் நிலை; 1964ஐ மறந்துவிட்டு அதை நீக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. எனினும் விதியால் ஒருவர் இழக்கும் தொகையைப் பொதுநிதியே ஈடுசெய்ய வேண்டும்.

மாணவர்களே, நாளை உங்களில் சிலர் நகர்களைத் திட்டமிடுவீர்கள், சட்டங்கள் எழுதுவீர்கள். ஒற்றுமைக்கென ஒரு விதியை வரையும்போது, அதற்கான தொகை யார் பையிலிருந்து போகிறது என்பதையும் அதே தாளில் எழுதிவையுங்கள்.