கங்காணிக்குப் பேரு லீடர்
(வடசென்னை மாணவர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடத்து மாணவர் தலைவர், மன்றங்கள், பாட்டுக்குழு, இதைப் பத்திப் பேசணும்னு கேட்டாங்க. இதெல்லாம் ஒரு அரசியலான்னு சிலருக்குத் தோணலாம். அதிகாரம் கோட்டையில் மட்டும் குடியிருப்பதாக நினைப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். யார் பேசலாம், யார் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்பதை நம் பிள்ளை முதலில் கற்பது வகுப்புக் கரும்பலகையில். 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டு, லீடர் கீழே பேர் எழுதுகிறான். அந்த லீடரைப் போட்டது யாரு? பெரும்பாலும் வாத்தியார். வாத்தியார் இல்லாத நேரத்தில் வாத்தியாரின் கண்ணாக இருப்பதுதான் அவன் வேலை. தேயிலைத் தோட்டத்துல நம்ம ஜனங்களை மேய்க்கிறதுக்கு வெள்ளைக்காரன் கங்காணி வெச்சானே, அதே ஏற்பாடுதான் இது.

இந்தப் பிள்ளைக்கு ஜனநாயகம் பற்றியும் பாடம் உண்டு. குடவோலை முறை. பரீட்சையில் தவறாமல் வரும். உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள், ஆகவே உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்தோம் என்கிறார்கள். யார் பேரை ஓலையில் எழுதலாம் என்பதும் அதே கல்வெட்டில்தான் இருக்கிறது. வரி கட்டுகிற நிலம் கால் வேலியாவது வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஊர் பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். பெண்ணுக்கு ஓலை கிடையாது, உழுதவனுக்கு ஓலை கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கல்வெட்டில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்கள் வருகின்றன. அந்தச் சேரியிலிருந்து ஒரு பேர் குடத்துக்குள் விழுந்திருக்குமா? உத்திரமேரூரில் சின்னப் பையனுக்குக் கிடைத்த பங்கு, குடத்தில் கைவிட்டு ஓலையை எடுத்துக் கொடுப்பது. நம்ம லீடருக்கு சாக்பீஸ் டப்பா எடுத்து வருவது.

எண்ணூரைத் தாண்டி வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி. அந்த ஒன்றியத்தில் ஆத்துப்பாக்கம். 2020 ஆகஸ்ட் 15 அன்று அந்த ஊரின் தலித் பெண் ஊராட்சித் தலைவர் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியே வந்த பிறகு, ஆகஸ்ட் 20ஆம் தேதி மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து அவரைக் கொடியேற்ற வைத்தார். ஜெயித்து வந்தவர், அரசியல் சட்டம் கொடுத்த இடத்தில் உட்கார்ந்தவர், அவருக்கே ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் ஊர்ப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். குடிமையியல் பாடத்தை விட அது அழுத்தமாகப் பதிந்திருக்கும்.

"அப்போ தேர்தல் வெச்சிட்டா சரியாப் போச்சா?" என்று கேட்பீர்கள். வைக்க வேண்டும். ஆனால் வெறும் தேர்தல் போதாது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1932லேயே காட்டிவிட்டார். இரட்டை வாக்குரிமையோடு வந்த தனித்தொகுதியைக் காந்தியின் உண்ணாவிரதம் பறித்தது. செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில், மாகாண சபைகளில் 71 என்றிருந்த இடம் 148 ஆனது. எண்ணிக்கை கூடியது, பிரதிநிதி மாறிப்போனார். சாதி இந்துக்களின் ஓட்டில் ஜெயிக்கிறவர் அவர்கள் மனம் கோணாமல்தான் பேச முடியும். வகுப்பறையும் அப்படித்தான். ஐம்பது பேரில் எட்டுப்பேர் காலனிப் பிள்ளைகள் என்றால், மொத்த ஓட்டில் ஜெயிக்கும் காலனிப் பையன் யாருக்குப் பிடித்தவனாக இருப்பான்? அதனால்தான் சொல்கிறேன்: ரகசிய வாக்கெடுப்பு இருக்கட்டும், பொறுப்பு சுழற்சியில் வரட்டும். ஊராட்சிக்குச் சுழற்சி ஒதுக்கீடு உண்டென்றால் பள்ளிக்கு ஏன் கூடாது?

பள்ளிக்குள் சாதியைக் கொண்டு வராதே என்பார்கள். அது எப்பவோ வந்து பெஞ்சில் உட்கார்ந்தாச்சு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக்கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது, அகர வரிசையில் உட்கார வையுங்கள் என்று அதில் இருக்கிறது. அதே 2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழு பிரித்தார்கள். நல்லதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. குழுத் தலைவருக்குப் பதவியேற்பும் பேட்ஜும் கொடுக்கிறார்கள், கேள்வி கேட்கும் அதிகாரத்தையும் கொடுக்கிறார்களா? கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று கூட்டத்தில் எழுந்து சொன்னால் அதைக் குறிப்பேட்டில் எழுதுவார்களா?

மன்றங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பல இடங்களில் அவை பதிவேட்டில் மட்டும் நடக்கின்றன. நம் பகுதியில் உயிரோடு இருந்தவை தெரு மன்றங்கள். அம்பேத்கர் மன்றம், இரவுப் பாடசாலை, குத்துச்சண்டைக் கூடம், கேரம் கிளப். 2024 நவம்பரில் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவர் கற்றது தெருவில் அப்பா நடத்திய பயிற்சி மையத்தில்.

பாட்டுக்கு வருவோம். பாடவேளை காலியாக இருந்தால் பெஞ்சில் தாளம் தொடங்கிவிடும். ரெண்டு பேர் தட்டுவான், ஒருத்தன் எடுத்துக் கொடுப்பான், மொத்த வகுப்பும் பின்பாட்டு. நான் படித்த பள்ளியில் இதற்குப் பிரம்படி. 'சாவு வீட்டுப் பாட்டாடா பாடற?' என்று சேர்த்தே விழும். ஆமாம், சாவு வீட்டுப் பாட்டுதான். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனும் ரிக்‌ஷா மிதித்தவனும் செத்துப்போனால் அவன் கதையை விடிய விடியப் பாடி அனுப்பிய பாட்டு. வரலாற்றில் பேர் இல்லாதவனுக்கு வரலாறு எழுதிய பாட்டு. அதே பள்ளியில் பேண்டு செட் இருந்தது. டிரம்மை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தால் ஒழுக்கம், பெஞ்சைத் தட்டினால் பொறுக்கித்தனம். பறையைத் தீட்டு என்று ஒதுக்குபவர்கள் மிருதங்கத்தில் மாட்டுத்தோல் இருப்பதை மறந்துவிடுவார்கள். அதைச் செய்து கொடுக்கும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் புத்தகம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு முதலில் இடம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா பின்வாங்கிக்கொண்டது. கானாவும் பறையும் ராப்பும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலில் மேடையேறியது 2018 ஜனவரி 6 அன்று, கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். மைதானம் வரை வந்துவிட்டது, வகுப்பறைக்குள் வரத்தான் இன்னும் அனுமதி இல்லை.

வகுப்பறையில் இடமில்லாத பாட்டு பஸ்ஸுக்குப் போகிறது. தகரத்தில் தாளம், படிக்கட்டில் ஆட்டம், கல்லூரிக்குப் போனால் 'ரூட்டு தல'. பொதுப்புத்தி அவனை ரவுடி என்கிறது. பட்டாக்கத்தி எடுப்பதை நான் நியாயப்படுத்த மாட்டேன். வெட்டுகிறவனும் வெட்டுப்படுகிறவனும் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகள், வழக்கும் அவர்கள் மேல்தான். ஆனால் தேர்தலே இல்லாத கல்லூரியில், தன்னைத் தலைவன் என்று கூப்பிடும் ஒரே இடம் 'ரூட்டு' என்றால் அவன் அங்கேதான் போவான்.

அந்த பஸ்ஸில் பொம்பளப் பிள்ளைக்கு எங்க இடம்? அவளைக் கிண்டல் பண்ணும் பாட்டில்தான். கானாவைக் கொண்டாடும் நாம் இதையும் பேச வேண்டும். வடசென்னையில் வளர்ந்த இசைவாணி ஆண்கள் மட்டுமே பாடிய கானாவை மேடையில் பாடினார். 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பேர் வந்தது. சபரிமலையில் பெண்கள் நுழையும் உரிமை பற்றி அவர் பாடிய ஒரு பாட்டுக்காக, ஆண்டுகள் கழித்து 2024இல் மிரட்டினார்கள். பள்ளிப் பாட்டுக்குழுவில் பெண் பிள்ளை பின்பாட்டு மட்டும் பாடினால் போதும் என்று நாமும் இருந்துவிடக் கூடாது.

கடைசியா ஒண்ணு. 2024 அக்டோபர் 25, திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் வாயு நெடி பரவிப் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். நவம்பர் 4இல் திறந்தார்கள், மறுபடியும் பிள்ளைகள் விழுந்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள், பெற்றோர் வாசலில் நின்று சண்டை போட்டார்கள். பள்ளி எப்போது திறப்பது என்று முடிவு செய்த மேசையில், அந்த நெடியை மூக்கில் ஏற்றிய பிள்ளைகளில் ஒருத்திக்காவது நாற்காலி இருந்ததா? குழந்தையைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992இலேயே ஏற்றுக்கொண்டது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு விகிதப்படி இடம் தரவேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21 சொல்கிறது. நம் தெருவில் யார் அம்மா அந்தக் குழுவில் இருக்கிறார், கடைசிக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டார்களா, கையெழுத்து மட்டும் வாங்கினார்களா? நாளைக்குக் காலையில் போய்க் கேளுங்கள். கேட்டுவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் பேசுவோம்.