அயல்நாட்டு நங்கையும் ஆடல் உடையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பார்சல் ஆபீசில் ரசீது எழுதிப் பழகிய கை நம்முடையது. மேடையில் பேசிப் பழகிய நா அன்று. எனினும், இன்றைய நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றுள்ள ஒரு நடனத்தைப் பற்றிச் செயற்குழுவில் எழுந்த வழக்கை அவையோருக்கு எடுத்துரைக்குமாறு தலைவர் பணித்தார். அவ்வழக்கில் மறுத்துப் பேசியவர்களுள் நாமும் ஒருவராதலின், அப்பணி நம் தலைமேல் விழுந்தது.

ஐரோப்பாவிலிருந்து வந்து, திருப்பதியில் தங்கி, ஓர் ஆசிரியையிடம் பரதம் பயிலும் நங்கை ஒருவர் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நம் ஆபீசுக்கு வந்தார். வெளியூர்த் தையற்கடை ஒன்றுக்கு அளவுகளை எழுதியனுப்பித் தைத்து வாங்கிய ஆடல் உடை அவர் பெயருக்கு வந்திருந்தது. முகமெல்லாம் மலர எடுத்துச் சென்றார். மறு வாரம் அதே பெட்டியைத் திருப்பியனுப்ப வந்தார். ரவிக்கை தோளில் ஏறவில்லையாம். அரைமண்டியில் அமர்ந்தவுடன் கால்சட்டையின் தொடைத் தையல் விட்டுவிட்டதாம். நாம் ரசீது எழுதிக் கொடுத்தோம். ‘நம் ஊர் உடை அயலார் உடம்புக்கு எங்ஙனம் பொருந்தும்?’ என்று மனத்துள் எண்ணியும் கொண்டோம்.

அந்த எண்ணத்தையே செயற்குழுவில் வாய்விட்டுச் சொன்னோம். நம் பிள்ளைகள் ஆடவேண்டிய மேடை இது என்றும் வாதிட்டோம். காலனியில் நடன வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் பன்னிருவர். சலங்கை கட்டும்வரை நின்றவர் மூவர். அக்கணக்கை மட்டும் அன்று நாம் சொல்லவில்லை.

வீட்டில் நம் மகள் கேட்டாள்: “அப்பா, அந்த உடையை முதன்முதலில் தைத்தது யார்?” விடை தெரியாமையால் நூலகம் சென்றோம்.

தேவதாசி மரபில் வந்தவர் இந்த விசிறி மடிப்பு வைத்துத் தைத்த உடையை அணிந்தவரல்லர். பழைய நிழற்படங்களில் அவர்கள் கால்சட்டையின்மேல் புடவையைச் சுற்றிக் கட்டி நிற்கக் காணலாம். அம்மரபின் பெருங்கலைஞரான பாலசரஸ்வதி அம்மையார் கடைசிவரை புடவைக் கட்டிலேயே ஆடினார். 1935 டிசம்பரில் அடையாற்றில் முதன்முறை மேடையேறிய ருக்மிணி தேவி அருண்டேல், உடையையும் புதிதாக அமைக்க விரும்பினார். அதற்குத் துணைநின்றவர் சென்னையிலிருந்த மதாம் காஸான் என்னும் இத்தாலியப் பெண்மணி! ருக்மிணி தேவியையே, ‘உன் நாட்டுக் கலையைத் தேடு’ என்ற கருத்தில் தூண்டியவர் ருஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவா. நம் பாட்டி காலத்திலிருந்து வந்தது என்று நாம் காத்துநின்ற உடைக்கு இன்னும் நூறு வயது நிரம்பவில்லை. அதன் தையலில் ஓர் அயல்நாட்டுக் கையும் உண்டு. அன்றிரவு நமக்கு உறக்கம் சரியாக வரவில்லை.

நிற்க. இந்த நங்கைக்கு முன்னோடியும் ஒருவர் இருந்தார். 1893-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்த எஸ்தர் ஷெர்மன், இந்திய நடனத்தின்பால் கொண்ட பற்றால் ராகினி தேவி என்று பெயர் பூண்டார். இந்தியாவைக் காணுமுன்பே தம்மை இந்தியப் பெண் என்று சொல்லிக்கொண்டு அங்கு ஆடினார். 1928-இல் ‘நிருத்தாஞ்சலி’ என்ற நூலும் வெளியிட்டார். 1930-இல் இங்கு வந்து, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் பயின்றார். பின்னர்க் கேரள கலாமண்டலத்தில் கதகளியும் கற்றார். அவ்வாண்டே சென்னையில் பிறந்த அவர் மகள்தான் புகழ்பெற்ற இந்திராணி ரஹ்மான். பிறப்பை மாற்றிச் சொன்னதை நாம் மெச்சவில்லை. ஆனால், அப்படிச் சொன்னால்தான் மேடை கிடைக்கும் என்று அவர் அஞ்சியிருப்பாரோ என எண்ணும்போது, செயற்குழுவில் நாம் பேசிய பேச்சு நினைவுக்கு வருகிறது.

நம் நண்பர் இருவர் இன்றும் மறுக்கின்றனர். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வந்தவர் சில ஆண்டு கற்றுத் திரும்பிப் பெரும் பெயர் பெறுகிறார், கற்பித்தவர் பெயர் மறைகிறது என்பது அவர்கள் வாதம். உண்மைதான். ருக்மிணி தேவிக்கும் ராகினி தேவிக்கும் கற்றுக்கொடுத்த கௌரி அம்மாளின் பெயரை இக்காலனியில் எத்தனை பேர் அறிவோம்? நாமே நூலகத்தில்தான் அறிந்தோம்.

உடையின் கதைக்கு வருவோம். இரண்டாம் முறை அந்த நங்கை சித்தூருக்கே நேரில் சென்றார். பள்ளி விழாக்களுக்குத் தைத்துக் கொடுக்கும் முதியவர் ஒருவர் அங்கிருக்கிறார். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுபவர். மொழிபெயர்க்க நாமும் நம் இல்லத்தாரும் உடன் சென்றோம். அவர் நாடாவை எடுக்குமுன், “அம்மா, கொஞ்சம் உட்காருங்கள்” என்றார். நாற்காலியில் அன்று, அரைமண்டியில்! நின்ற நிலையில் ஓர் அளவு, அரைமண்டியில் ஓர் அளவு, முழுமண்டியில் ஓர் அளவு எழுதிக்கொண்டார். தபாலில் அனுப்பிய அளவு ஏன் பொய்த்தது என்று அப்போதுதான் விளங்கிற்று. அந்த அம்மையார் நெடிய உருவினர். ஆதலால் ஒரு காஞ்சிபுரம் புடவையில் விசிறிக்கும் கால்சட்டைக்கும் துணி போதவில்லை. ரவிக்கைக்கு வேறு பட்டு வாங்க நேர்ந்தது. கரை வீணாகாமல் வெட்டுவதற்கு அவர் பட்ட பாட்டை நம் இல்லத்தார் இன்றும் சொல்லி வியக்கிறார்.

நெற்றிச்சுட்டி, சூரியப் பிறை, சந்திரப் பிறை, ஒட்டியாணம் முதலியவற்றை நாகர்கோவில் வடசேரியிலிருந்து வருவித்தார்கள். சிவப்புக்கல் நகைக்கு அவ்வூர் பெயர் பெற்றது. குறுகக் கத்தரித்த பொன்னிறக் கூந்தலுக்குக் கருஞ்சவுரி தேடியது தனிக்கதை. திருமலையில் அடியார் காணிக்கையாக இறக்கும் முடி ஏலம் போய், கடல் கடந்து, மேல்நாட்டு மாதர் தலைகளில் ஏறுகிறது. இவரோ மலையடிவாரத்தில் சவுரிக்கு அலைந்தார்! சலங்கையை மட்டும் தேடவேண்டியிருக்கவில்லை. ஆசிரியையே பூசையில் வைத்துக் கையில் கொடுத்தார்.

முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில் 1940-இல் பிறந்த யாமினி கிருஷ்ணமூர்த்தி, சிதம்பரத்தில் வளர்ந்து, கலாக்ஷேத்திரத்தில் பரதம் பயின்று, திருப்பதி தேவஸ்தானத்தின் ஆஸ்தான நர்த்தகியாய் விளங்கி, 2024-இல் மறைந்தார். தெலுங்குப் பெண் தமிழ்நாட்டில் கற்றார். தமிழ்ப் பெண்களோ க்ஷேத்திரய்யரின் தெலுங்குப் பதங்களுக்கு அபிநயம் பிடிக்கிறார்கள். மாற்றலாகி இவ்வூருக்கு வந்த நாமும் கடைத்தெருவில் தட்டுத்தடுமாறித் தெலுங்கு பேசியவர்கள்தாமே? இவற்றையெல்லாம் சொல்லி, அடுத்த கூட்டத்தில் நம் மறுப்பைத் திரும்பப் பெற்றோம்.

காலனிப் பிள்ளைகள் மூவரும் முதலில் ஆடுவார்கள். அவர்களுக்குப் பின் அந்த நங்கை அலாரிப்பும் ஒரு பதமும் ஆடுவார். சித்தூர்த் தையற்காரர் பாகாலா வழியாக மாலை வண்டியில் வந்து சேர்ந்துவிட்டார். ஊசியும் நூலும் கையிற்கொண்டு மேடைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார்.